பெல்ட்டில் போன விரலும் நூறு ரூபாய்ப் பத்திரமும்: வேலையில் அடிபட்டால் என்ன கேட்கலாம்?

கல்லிடைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, வயது 35. எங்கள் பக்கத்து அரிசி மில் ஒன்றில் ஹாலர் (நெல்லில் உமி நீக்கும் மிஷின்) ஓட்டுகிறவர். பழைய காலத்து மில். ஒரே மோட்டார், நீளமாக ஒரு ஷாஃப்ட், அதிலிருந்து தட்டை பெல்ட் போட்டுத்தான் எல்லா மிஷினும் ஓடும். 2025 ஜூலையில், நல்ல சாரல் நேரம், பெல்ட் ஈரம் இழுத்து வழுக்கியிருக்கிறது. வழுக்கினால் மோட்டாரை நிறுத்தாமலே ரோசின் தூளைக் கையில் அள்ளி, ஓடுகிற பெல்ட்டின் உள்பக்கம் தூவுவது அங்கே வழக்கம். அண்ணனும் அதைத்தான் செய்தார். பெல்ட் இணைப்பில் அடித்திருந்த ஊக்கு ஒன்று விரிந்து நின்றிருக்கிறது. அது சட்டைக் கையைக் கவ்வி இழுத்ததில் இடது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. அந்த இடத்தில் கம்பி வலைத் தடுப்பு கிடையாது. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே கிடையாது.

முதலாளி உடனே காரில் ஏற்றி திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அப்புறம் தனியாரில் ஆபரேஷன். செலவு முழுக்க அவர்தான் பார்த்தார், அதில் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்ததும் பெரியவர்கள் நாலு பேரை வைத்துப் பேசி 60,000 ரூபாய் கொடுத்தார்கள். ‘என் கவனக்குறைவால் நேர்ந்தது, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி அண்ணனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது மூட்டையைப் பிடித்தால் பிடி நிற்கவில்லை. வாசலில் உட்கார்ந்து டோக்கன் போடுகிற வேலை, சம்பளம் பாதி. ‘தப்பு எம்மேலதானே, என்னத்த போயி கேக்க’ என்கிறார் அண்ணன். கேட்க வழி இருக்கிறதா?

ராதாபுரம் காத்தாடி

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாச்சுன்னா அவ்வளவுதான் தம்பி. ஆஸ்பத்திரிச் செலவு பார்த்து, கையில் காசும் கொடுத்த முதலாளி எங்கள் பக்கம் கிடைக்கவே மாட்டார். விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள்.

அம்பை அரிசி

நானும் சின்னதாக ஒரு மில் வைத்திருப்பவன், அதனால் கோபப்படாமல் கேளுங்கள். ஓடுகிற பெல்ட்டில் கை வைக்காதே என்று தினமும் கத்துகிறோம். மோட்டாரை நிறுத்தி மறுபடி போட இரண்டு நிமிஷம் ஆகும், அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பொறுமை இல்லாதவன் கையை விட்டால் அது யார் தப்பு? தப்புச் செய்தவனுக்கு நான் ஏன் பணம் கட்டணும்? மனிதாபிமானத்தில் கொடுத்தால் அது வேறு கதை. சட்டம் என்று வந்தால் நியாயம் இரண்டு பக்கமும் இருக்கணும் இல்லையா?

பழைய குமாஸ்தா

அம்பை அண்ணாச்சி கேட்டது நல்ல கேள்வி. நம் ஊரில் வேலையில் யாருக்கு அடிபட்டாலும் முதலில் விழுகிற வார்த்தை ‘யார் தப்பு?’ என்பதுதான். பஞ்சாயத்து முழுக்க அதைச் சுற்றியே ஓடும். கடைசியில் அடிபட்டவன் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போடுவான். ஆனால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத் தூக்கி எறிவதற்காகத்தான் இப்படி ஒரு சட்டம் வந்தது. அதன் அடிப்படை ஒரு பேரம். தொழிலாளி தரப்பில், முதலாளியின் தப்பை நிரூபிக்கவேண்டிய பாரம் போய்விடும். முதலாளி தரப்பில், கொடுக்கவேண்டிய தொகைக்கு ஒரு வரம்பு வந்துவிடும். வலி, வேதனை, மன உளைச்சல் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டு அவரிடம் கேட்க முடியாது. இழப்பீடு வாங்கிக்கொண்டு அதே காயத்துக்கு சிவில் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது. இரண்டில் ஒன்றுதான்.

அதனால் சட்டம் பார்ப்பது இரண்டே விஷயம். விபத்து வேலையின் காரணமாக நடந்ததா, வேலையின் போக்கில் நடந்ததா. பெல்ட்டில் ரோசின் போட்டது மில் வேலை, மில் நேரம், மில் இடம். இரண்டுக்கும் பதில் ஆமாம். அண்ணன் அசட்டையாக இருந்தாரா என்பது இங்கே வராது.

முதலாளி தப்பிக்கச் சில வாசல்கள் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். காயத்தால் மூன்று நாளுக்கு மேல் வேலை முடங்காவிட்டால் இழப்பீடு இல்லை. அந்த நேரத்தில் குடிபோதை அல்லது மருந்து மயக்கத்தில் இருந்து அதனாலேயே அடிபட்டிருந்தால், பாதுகாப்புக்காகப் போட்ட தெளிவான உத்தரவை வேண்டுமென்றே மீறியிருந்தால், இருக்கிற தடுப்பை வேண்டுமென்றே கழற்றியிருந்தால், அப்போதும் இல்லை. ஆனால் சாவு என்றாலோ, நிரந்தரமாக முழுதாக முடங்கிப்போனாலோ இந்த மூன்று வாசலும் அடைபட்டுவிடும். குடித்திருந்தாலும் கொடுத்தாக வேண்டும்.

அண்ணாச்சி, தினமும் கத்துவதைத் தெளிவான உத்தரவு என்று காட்டுவது கஷ்டம். அதுவும், அப்படித்தான் ரோசின் போடுகிறார்கள் என்று தெரிந்தே முதலாளி விட்டிருந்தால் ‘வேண்டுமென்றே மீறினான்’ என்று பிறகு சொல்வது எடுபடாது. தடுப்பே இல்லாத இடத்தில் தடுப்பைக் கழற்றினான் என்றும் சொல்ல முடியாது.

வரலாற்றுக் கிறுக்கு

குமாஸ்தா அண்ணாச்சி சொன்ன பேரம் எப்படிப் படிந்தது என்று கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

உடம்புக்கு விலை வைப்பது புதுசு இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் கரீபியன் கடலில் திரிந்த கொள்ளையர்கள் கப்பல் கிளம்பும் முன்பே பட்டியல் எழுதிக்கொள்வார்களாம். வலது கை போனால் 600 வெள்ளி, இடது கை 500, வலது கால் 500, இடது கால் 400, ஒரு கண்ணுக்கு 100, ஒரு விரலுக்கு 100. கொள்ளைப் பணத்தில் பங்கு பிரிக்கும் முன்பே இதை எடுத்து வைத்துவிட வேண்டும். யார் தப்பு என்ற விசாரணை அவர்களிடமும் கிடையாது.

நம் பக்கம் போரில் செத்தவர் குடும்பத்துக்கு ‘உதிரப்பட்டி’ என்று நிலம் விட்டதைக் கல்வெட்டுகளில் பார்க்கலாம். ஆனால் அது அரசன் மனம் வைத்துக் கொடுப்பது. கொடுக்காவிட்டால் கேட்க நாதி இல்லை. அந்த நாலு பெரியவர்கள் பேசிக் கொடுத்த 60,000-மும் இந்த வகைதான் என்பது என் எண்ணம்.

இங்கிலாந்தில் மிஷின் யுகம் வந்தபோது நிலைமை படுமோசம். 1837-ல் ஒரு வழக்கு. கசாப்புக்கடைப் பையன் பிரீஸ்ட்லி, முதலாளி ஃபவுலரின் வண்டியில் போகிறான். வண்டியில் பாரம் அதிகம். வண்டி முறிந்து விழுந்து பையனுக்குத் தொடை எலும்பு போய்விட்டது. ஜூரி 100 பவுண்டு கொடுக்கச் சொன்னது. மேலே போனதும் நீதிபதி அபிங்கர் பிரபு அதை ரத்து செய்துவிட்டார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று கேளுங்கள்: இதை ஏற்றால், வீட்டு வேலைக்காரி ஈரமான படுக்கையைப் போட்டுவிட்டதற்கு இன்னொரு வேலைக்காரன் எஜமானன்மேல் வழக்குப் போடுவான்! அந்த வழக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த அறுபது வருஷம் முதலாளிகள் மூன்று பதில் வைத்திருந்தார்கள். கூட வேலை பார்த்தவன் தப்பு, நான் பொறுப்பில்லை. ஆபத்து என்று தெரிந்துதானே வேலைக்கு வந்தாய். உன் பங்கிலும் கொஞ்சம் தப்பு இருக்கிறது, அதனால் ஒன்றும் கிடையாது. கல்லிடைக்காரர் அண்ணன் அன்றைய லங்காஷயர் மில்லில் இருந்திருந்தால் மூன்றாவது பதிலிலேயே ஆட்டம் முடிந்திருக்கும்.

உடைத்தது ஜெர்மனி. 1884-ல் அந்நாட்டு சான்சலர் (தலைமை அமைச்சர்) பிஸ்மார்க் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். முதலாளிகள் தொழில்வாரியாகச் சங்கம் சேர்ந்து நிதி கட்ட வேண்டும், அடிபட்டவனுக்கு அதிலிருந்து போகும், முழுதாக முடங்கினால் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு. பிஸ்மார்க்குக்குத் தொழிலாளிமேல் பாசம் என்று நினைக்க வேண்டாம். 1878-ல் சோஷலிஸ்டுகளைத் தடை செய்தவரும் அவரேதான். அவர்கள் பக்கம் ஆள் போகாமல் இருக்க இது ஒரு வழி. எந்த எண்ணத்தில் வந்தாலும் காரியம் நடந்தது.

1897-ல் அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் முயற்சியில் பிரிட்டன் தன் சட்டத்தைப் போட்டது. முதலில் ரயில், சுரங்கம், கல்குவாரி, தொழிற்சாலை மாதிரி ஆபத்தான வேலைகளுக்கு மட்டும். செத்தால் மூன்று வருஷக் கூலி அல்லது 150 பவுண்டு, எது அதிகமோ அது, உச்சம் 300 பவுண்டு. கூலி, பெருக்கல், வரம்பு என்ற அந்தக் கணக்கு முறைதான் பிறகு நம் சட்டத்திலும் வந்து உட்கார்ந்தது.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் கொடுமை. நியூயார்க் மாநிலம் போட்ட இழப்பீட்டுச் சட்டத்தை, தப்பே செய்யாத முதலாளியிடம் பணம் பிடுங்குவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று சொல்லி அங்குள்ள உச்ச மன்றம் 1911 மார்ச் 24-ல் செல்லாமல் ஆக்கியது. மறுநாள், மார்ச் 25, அதே மாநிலத்தின் நியூயார்க் நகரில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீ. 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் சின்னப் பெண்கள். அதற்கப்புறம் அரசியல் சாசனத்தையே திருத்திப் புதுச் சட்டம் போட்டார்கள்.

அம்பை அரிசி

அந்த நியூயார்க் நீதிபதிகள் கேட்டதுதான் என் கேள்வியும். சரி, நம் நாட்டுக் கதைக்கு வாருங்கள்.

வரலாற்றுக் கிறுக்கு

வருகிறேன். 1884-லேயே பம்பாயில் லோகண்டே தலைமையில் மில் தொழிலாளிகள் கூடி ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். வேலையில் பலமாக அடிபட்டால் குணமாகும் வரை முழுக்கூலி, ஆயுசுக்கும் முடமானால் பிழைப்புக்கு வழி என்பதும் அதில் ஒரு கோரிக்கை. பிஸ்மார்க் சட்டம் போட்ட அதே வருஷம். ஜெர்மனியில் அரசு மேலிருந்து இறக்கியதை இங்கே மில் கூலிகள் கீழிருந்து கேட்டார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1908-ல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம், வ.உ.சி. முன்னே நின்றது, இங்கே எல்லாருக்கும் தெரியும். அப்போது தூத்துக்குடியும் திருநெல்வேலி ஜில்லாதான். அன்றைக்கு அந்த மில்லில் ஒருவர் கை போயிருந்தால் போய்க் கேட்க ஒரு சட்டம் கிடையாது. 1855-ல் போட்ட மரண விபத்துச் சட்டம் ஒன்று இருந்தது, ஆனால் அது செத்தவர் குடும்பத்துக்கு, அதுவும் எதிராளியின் தப்பை நிரூபித்தால் மட்டும். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ல் நிறைவேறி, 1924 ஜூலை 1-ல்தான் அமலுக்கு வந்தது.

கிரஷர் தூசி

படித்துக்கொண்டு வரும்போது 2022 மே மாதம் ஞாபகம் வருகிறது. அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் ராத்திரி பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்களே, அந்த நேரம் இந்தப் பக்கம் எல்லா டீக்கடையிலும் அதே பேச்சு.

நான் வேறொரு கிரஷரில் வேலை பார்க்கிறவன். எங்களிடம் பாதிப் பேர் வடக்கத்திப் பையன்கள், மேஸ்திரி ஒருத்தர் கூட்டிவந்து விட்டிருக்கிறார். சம்பளமே மேஸ்திரி கைவழிதான். இவர்களில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் முதலாளி மேஸ்திரியைக் காட்டுவார், மேஸ்திரி போனை அணைத்துவிடுவார். பையனுடைய அப்பா அம்மா பீகாரிலிருந்து வந்து எத்தனை வாய்தா அலைவார்கள்?

பழைய குமாஸ்தா

அலையவேண்டாம் தம்பி. செத்தவரை நம்பியிருந்த குடும்பம் எங்கே குடியிருக்கிறதோ அந்த ஊர்த் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடமே மனு போடலாம். விபத்து நடந்த இடத்திலும் போடலாம், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடத்திலும் போடலாம்.

மேஸ்திரி விஷயமும் சட்டத்துக்குத் தெரியும். முதலாளி தன் தொழிலில் வழக்கமாக நடக்கிற வேலையை கான்ட்ராக்டில் விட்டிருந்தால், அந்த ஆட்களுக்கு முதலாளியே நேராகப் பொறுப்பு. பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் மேஸ்திரியிடம் அவர் வசூல் பண்ணிக்கொள்ளட்டும். அடிபட்டவன் இருவருக்கும் நடுவே பந்தாட வேண்டியதில்லை.

சாவு என்றால் இன்னொன்று முக்கியம். இழப்பீட்டுப் பணத்தை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். சவ ஊர்வலத்தில் வைத்து விதவை கையில் கட்டாகக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டால் அது இழப்பீட்டுக் கணக்கில் சேராது. மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் கொடுத்ததைக் கழிக்கலாம், அவ்வளவுதான். சும்மா போட்ட விதி இல்லை இது. மச்சினன், பங்காளி, வட்டிக்காரன் எல்லாரும் வாசலிலேயே நிற்பார்கள், ஆணையர் யார் யாருக்கு எவ்வளவு என்று பிரித்து பேங்கில் போடுவார். கடன்காரன் அந்தப் பணத்தை ஜப்தி பண்ணவும் முடியாது.

உங்களுக்கே ஒரு வார்த்தை: கல்தூசி நெஞ்சில் படிந்து வருகிற சிலிகோசிஸும் விபத்துக்குச் சமம்தான். தொழில் நோய்களுக்கென்று தனி அட்டவணை இருக்கிறது, அதில் இது உண்டு. பஞ்சுத்தூசியால் வருகிற பிசினோசிஸும் உண்டு. இருமல் விடாமல் இருந்தால் ஆஸ்பத்திரியில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதைச் சொல்லி எழுத வையுங்கள்.

பீடிக்கட்டு

அண்ணாச்சி, நான் மேலப்பாளையம். பீடி சுத்துகிற எங்களுக்கு? இருபது வருஷமா மடியில் தட்டை வைத்துக்கொண்டு புகையிலைத் தூளுக்குள்ளேயே கிடக்கிறோம். எங்கள் தெருவில் இளைப்பு இல்லாத வீடு எது என்று தேட வேண்டும்.

பழைய குமாஸ்தா

அக்கா, உங்களுக்கு ஆறுதலாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த அட்டவணையில் பீடி என்றோ புகையிலைத் தூள் என்றோ பேர் சொல்லி இல்லை. உயிர்ப்பொருள் தூசியால் வருகிற நுரையீரல் அழற்சி என்று ஒரு இனம் இருக்கிறது. ஆனால் உங்கள் இளைப்பு அதுதான், அதுவும் பீடி வேலையால்தான் வந்தது என்று டாக்டர் சான்றிதழோடு காட்ட வேண்டும். வீட்டிலேயே சுத்துகிறவர்களுக்கு யார் முதலாளி என்பதில் தொடங்கியே சண்டை. மிஷினில் கை போன நாளைக் காலண்டரில் காட்டிவிடலாம். இருபது வருஷமாக ஏறிய தூசிக்கு எந்தத் தேதியைக் காட்டுவது? இந்தச் சட்டம் பிறந்ததே மிஷின் விபத்துக்காக, அதனால் இந்த மாதிரி இடங்களில் இன்னும் தடுமாறுகிறது.

விளைப்பனை

திசையன்விளைப் பக்கம் நாங்கள். பனையேறிகள் இதில் வருவார்களா? எங்கள் மாமா ஒருவர் போன சீசனில் பதநீர் இறக்கும்போது பாளை அரிவாளோடு விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

பழைய குமாஸ்தா

பனை மரத்தில் பாளை சீவி இறக்கும் வேலை சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் நேராகவே எழுதியிருக்கிறது. நிறையப் பேருக்கு இது தெரியாது. ஆனால் மாமா யாருக்காவது கூலிக்கு ஏறினாரா, இல்லை மரத்தைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்துத் தானே ஏறினாரா? கூலிக்கு என்றால் கூலி கொடுத்தவர் பொறுப்பு. நடமாட்டமே போய் எந்த வேலையும் செய்ய முடியாது என்றால் அது முழு முடக்கம், சின்னத் தொகை இல்லை. பாட்டத்துக்கு எடுத்தவர் என்றால் அவரே அவருக்கு முதலாளி, இந்தச் சட்டத்தில் இடமில்லை. நல வாரியத்தில் பதிவு இருந்தால் அங்கே கிடைக்கிற உதவியைப் பாருங்கள்.

விளைப்பனை

பாட்டம்தான் அண்ணாச்சி.

கல்லிடைக்காரன்

குமாஸ்தா அண்ணாச்சி, எங்கள் கதைக்கு வாங்க. அந்தப் பத்திரம்? மில்லில் மொத்தம் ஆறு பேர்தான். சம்பளம் மாதம் 18,000, அதில் பாதி ஜிபேயில் வரும், பாதி கையில்.

பழைய குமாஸ்தா

ஆறு பேர் என்றால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம்) வராது, அதற்குப் பத்துப் பேர் வேண்டும். இஎஸ்ஐ உள்ளவர்கள் இந்தச் சட்டத்தில் கேட்க முடியாது, அங்கேதான் கேட்க வேண்டும். 1948 சட்டம் அது. அங்கே முதலாளியைத் தேடி அலையவேண்டாம், கழகமே மாதாமாதம் கொடுக்கும். என்னைக் கேட்டால் அதுதான் மேலான ஏற்பாடு. பிஸ்மார்க் போட்ட வழி அது, 1923 சட்டம் சேம்பர்லின் போட்ட வழி. சரி, உங்கள் அண்ணனுக்கு 1923 சட்டம்.

இந்தச் சட்டத்தை 2020-ல் வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் இப்போது சேர்த்துவிட்டார்கள், 2025 நவம்பர் 21 முதல் அது அமலில் இருக்கிறது. ஆனால் விபத்து நடந்த தேதியில் எந்தச் சட்டம் இருந்ததோ அதன்படிதான் தொகை. உங்களுடையது ஜூலை.

கணக்கு இப்படி. சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் 15,000 வரைக்கும்தான் எடுத்துக்கொள்வார்கள், 2020 ஜனவரியிலிருந்து அதுதான் வரம்பு. முழு முடக்கத்துக்கு அதில் 60 சதவீதம், அதாவது 9,000. அதை வயசுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 35 வயசுக்கு 197.06. பெருக்கினால் 17,73,540. ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 20 சதவீதம் போனதாக முதல் அட்டவணை சொல்கிறது. ஆக 3,54,708 ரூபாய். சாவு என்றால் 60-க்குப் பதில் 50 சதவீதம், குறைந்தபட்சம் 1,20,000. கூடவே ஈமச்செலவு. வயது குறைவாக இருந்தால் பெருக்கும் எண் கூடும். 20 வயசுக்கு 224, 50 வயசுக்கு 153.09. இன்னும் எத்தனை வருஷம் சம்பாதித்திருப்பான் என்ற கணக்குதான் அதற்குள் ஒளிந்திருப்பது.

ஆஸ்பத்திரிச் செலவு தனி. வேலையில் பட்ட காயத்துக்கு வைத்தியச் செலவு முதலாளி பொறுப்பு என்று 2009-லேயே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள், அதை இழப்பீட்டில் கழிக்க முடியாது. ஆகவே அவர் ஆபரேஷனுக்குக் கட்டியது அவர் கடமை.

இப்போது பத்திரம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிற மாதிரியோ குறைக்கிற மாதிரியோ எழுதிய எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது. பேசி முடித்த தொகை என்றால் அந்த ஒப்பந்தத்தை முதலாளி ஆணையருக்கு அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்று தெரிந்தால் ஆணையர் பதிவு செய்ய மறுக்கலாம். பதிவே செய்யவில்லை என்றால் முழு இழப்பீட்டுக்கும் அவர் பொறுப்பு. ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கவும் முடியாது, ஆணையர் வேறுமாதிரி சொன்னால் தவிர. 60,000 கொடுத்தவர் 30,000 கழிக்கலாம். ஆணையர் ஆபீஸ் சீல் இல்லாத பத்திரத்துக்கு இவ்வளவுதான் மதிப்பு.

கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதம் தாண்டினால் 12 சதவீத வட்டி. நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தால் தொகையில் பாதி வரை அபராதம். அந்த நாள் ஆணையர் தீர்ப்புச் சொன்ன நாள் இல்லை, விபத்து நடந்த நாள். 1975-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தச்சர் வழக்கில் சொன்னது இது. அவருக்கு இடது கை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டி வந்தது. அட்டவணைப்படி பார்த்தால் பகுதி முடக்கம். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை எப்படிப் பார்ப்பார் என்று அதை 100 சதவீதமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ராதாபுரம் காத்தாடி

அப்போ பத்திரம் செல்லாதா! எங்கள் ஊரில் இதே மாதிரி எழுதி வாங்கி பீரோவில் பூட்டி வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா. சந்தடிசாக்கில் ஒரு சந்தேகம். வேலைக்குப் போகிற வழியில் பைக்கில் அடிபட்டால்?

பழைய குமாஸ்தா

ரொம்ப நாள் இழுபறியாக இருந்த விஷயம். சர்க்கரை ஆலை வாட்ச்மேன் ஒருவர், 2003-ல் விடிகாலை ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது ஆலைக்குக் கொஞ்ச தூரத்தில் இறந்தார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதையும் வேலையின் போக்கில் நடந்ததாக எடுத்துக்கொண்டது. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே நேரம், இடம், சூழ்நிலை இவற்றில் வேலையோடு தொடர்பு இருக்க வேண்டும். போகிற வழியில் கல்யாண வீட்டுக்குத் திரும்பினால் கதை வேறு. அந்தக் குடும்பம் காத்திருந்தது இருபத்திரண்டு வருஷம், அதையும் கணக்கில் வையுங்கள்.

அம்பை அரிசி

மூன்றரை லட்சமா! ஆறு பேர் வைத்து ஓட்டுகிற மில்லில் ஒரு வருஷ லாபம் அது. தப்பு யார்மேல் என்று கேட்காமல் இவ்வளவு கட்டச் சொன்னால் சின்ன ஆள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போக வேண்டியதுதான்.

பழைய குமாஸ்தா

அண்ணாச்சி, அதனால்தான் இன்சூரன்ஸ். அரசு காப்பீட்டுக் கம்பெனிகளிலேயே இதற்கென்று தனி பாலிசி இருக்கிறது, கூலிப் பட்டியலை வைத்து பிரீமியம் போடுவார்கள். மோட்டார் பழுது, கரண்ட் பில், பெல்ட் மாற்று எல்லாம் சேர்த்துத்தானே ஒரு மூட்டைக்கு அரவைக் கூலி வைக்கிறீர்கள்? போகிற விரலும் அந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பதுதான் இந்தச் சட்டத்தின் நினைப்பு. இல்லாவிட்டால் அந்தச் செலவை கல்லிடைக்காரர் பெரியம்மா வீடு ஒன்றுமட்டும் தூக்குகிறது. தப்பை நிரூபித்துக் கேட்கிற பழைய வழியில் விட்டால், தடுப்பு இல்லாத பெல்ட்டுக்கு நீங்கள் இதைவிட அதிகமாகவும் கட்ட நேரலாம். வரம்பு உங்களுக்கும் பாதுகாப்புதான்.

அபராதம் மட்டும் இன்சூரன்ஸில் வராது, அது உங்கள் கையிலிருந்து. ஆகவே இழுக்காதீர்கள்.

கல்லிடைக்காரன்

எங்கே போவது, என்ன எடுத்துப் போவது?

பழைய குமாஸ்தா

தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராக இருக்கிற அதிகாரியின் ஆபீஸ், திருநெல்வேலியிலேயே. விபத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும், உங்களுக்கு நேரம் இருக்கிறது. அதற்கு முன்னால் விபத்து விவரம் எழுதி முதலாளிக்கு ரிஜிஸ்டர் தபாலில் ஒரு கடிதம், அக்னாலெட்ஜ்மென்ட் கார்டோடு. ஜிபே வரவு முழுக்க பிரிண்ட் எடுங்கள், வேலை பார்த்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி, கையின் போட்டோ, கூட வேலை பார்த்த யாராவது ஒருவர், வயசுக்கு ஆதாரம்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஹைகிரவுண்டில் முதலில் பார்த்தபோது போட்ட ஏ.ஆர். (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவு) நகல். அடிபட்டது எப்படி என்று அதில் ஒரு வரி எழுதியிருப்பார்கள். கூட்டிப்போன மில் ஆள் ‘வீட்டில் கதவிடுக்கில் மாட்டியது’ என்று சொல்லி வைத்திருந்தால் அங்கேயே வழக்கு நொண்டும். இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் அதை வாங்கிப் படியுங்கள்.

கல்லிடைக்காரன்

நகல் வாங்கிவிட்டோம். ‘மில்லில் பெல்ட்டில் சிக்கி’ என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கூட்டிப்போனது முதலாளியின் மருமகன்தான், உண்மையைச் சொல்லியிருக்கிறார். அண்ணன் இன்னும் தயங்குகிறார், மதினிதான் பிடிவாதமாக நிற்கிறாள். கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அம்பை அரிசி

குமாஸ்தா அண்ணாச்சி, நாளைக்கு இன்சூரன்ஸ் ஆபீஸ் போகலாம் என்று இருக்கிறேன். மில் ஆட்கள் ஐந்து பேர். நெல் வரும்போது மட்டும் மூட்டைக் கணக்கில் வருகிற லோடுமேன்களையும் சொல்லணுமா? அவர்கள் என் சம்பளப் பட்டியலில் கிடையாது.

பழைய குமாஸ்தா

சொல்லுங்கள். தற்காலிகமாக வருகிறவர்கள் இதில் சேர மாட்டார்கள் என்ற வரியை 2000-லேயே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பட்டியலில் இல்லாத ஆளுக்கு அடிபட்டால் கம்பெனி கையை விரிக்கும், ஆணையர் உங்களிடம்தான் வருவார். போன வருஷம் அவர்களுக்கு மொத்தம் எவ்வளவு கூலி கொடுத்தீர்கள் என்று ஒரு தோராயக் கணக்கு எடுத்துப் போங்கள், அதை வைத்து பிரீமியம் போட்டுத் தருவார்கள்.